செடியில் ஒட்டும் இசைக்கருவி: கொழும்பு மேடைக்கு எவ்வளவு தேறும்?

இலையில் இரண்டு ஒட்டு மின்வாய்கள், கையடக்கப் பெட்டி ஒன்று, ஒரு கைத்தொலைபேசி. இவ்வளவும் இருந்தால் வீட்டு வாசலில் நிற்கும் மணி பிளான்ட் பாடும் என்கிறது விளம்பரம். இசை, புரொஜெக்டரால் விழுத்தும் ஒளிப்படம், மரஞ்செடி மூன்றையும் ஒரே மேடையில் சேர்க்க நினைப்பவர்களின் கண் முதலில் போவது இந்தக் கருவியின் மேல்தான். பாடுமா? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆலாபனை நேரத்தில் மட்டும், மண்டபத்துக்குள்ளோ தாழ்வாரத்திலோ, இன்னொரு பக்கவாத்தியமாக வைத்தால் காசுக்குத் தேறும். செடியை மட்டும் தனியே மேடையில் விட்டு ஒரு மணித்தியால நிகழ்ச்சி நடத்தினால் சபை கால்மணி நேரம்கூடத் தாங்காது.

சந்தையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று ஆயத்தமாக வரும் பிளான்ட்வேவ். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டேட்டா கார்டன் என்ற குழு 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் வழியே பொதுமக்களிடம் பணம் திரட்டிச் செய்த மிடி ஸ்ப்ரௌட் என்ற கருவியின் வாரிசு இது. புளூடூத்தில் கைத்தொலைபேசிச் செயலியோடு சேரும். செயலியே வாத்தியத் தொனிகளைத் தரும். மற்றது, மின் துடிப்பு உண்டாக்கும் 555 டைமர் சிப்பையும், நிரல் எழுதி ஓட்டக்கூடிய குட்டிக் கணினியான ஆர்டுயினோ வகை நுண்கட்டுப்படுத்தியையும் வைத்து நாமே ஒட்டிக்கொள்ளும் திறந்த சுற்று. வரைபடமும் நிரலும் இலவசம். 1972 முதல் விற்பனையில் இருக்கும் அந்தச் சிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இலத்திரனியல் பாகம் விற்கும் கடைகளில் தேடினால் அகப்படும்.

உள்ளே நடப்பது எளிமையானது. இலை ஒரு மின்தடையாக நிற்கிறது. 555 அந்தத் தடை வழியாக, மின்னைத் தேக்கும் கொள்ளளவி ஒன்றை ஏற்றி இறக்குகிறது. இலையின் கடத்துதிறன் மாறினால் துடிப்பின் நீளமும் மாறும். நுண்கட்டுப்படுத்தி அதை மைக்ரோசெக்கன் கணக்கில் அளக்கும். பரவலாகப் பயன்படும் திறந்த நிரல் ஒரு தடவைக்குப் பத்து அளவுகளை எடுத்து, அவற்றின் நியம விலகலை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, கணிக்கிறது. பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள இடைவெளி அந்த விலகலின் ஒரு குறித்த மடங்கைத் தாண்டினால் ஒரு சுரம் வெளியே போகிறது. அந்த மடங்கைக் கூட்டிக் குறைக்கத்தான் பெட்டியில் திருகி இருக்கிறது.

ஆகச் செடி சொல்வது ஒன்றே ஒன்று: இப்போது ஏதோ மாறியது. எந்தச் சுரம், எந்தத் தொனி, எவ்வளவு எதிரொலி என்பதெல்லாம் மனிதர் முன்கூட்டியே எழுதி வைத்தவை. செயலியில் கேட்கும் அந்த இதமான ஓசையில் பாதிக்கு மேல் தொனியை வடிவமைத்தவரின் கைவண்ணம். இது குறை இல்லை. ஆனால் அறிவிப்பாளர் மேடையேறி "இந்த வாழை தன் மனதைத் திறக்கிறது" என்று தொடங்கினால் அது பொய்.

வாங்கியதும் இரண்டு சோதனை செய்து பாருங்கள். மின்வாய்களைச் செடியில் ஒட்டாமல் ஒரு மெகாஓம் தடையின் இரு முனைகளிலும் கவ்வ வையுங்கள். நல்ல கருவி அநேகமாக மௌனமாகிவிடும். அப்போதும் சுரம் கொட்டினால் மின் இரைச்சலைத்தான் அது வாசிக்கிறது. அடுத்து, ஈரத் துணியொன்றில் ஒட்டிப் பாருங்கள். துணியும் பாடும், காயக் காயக் கடத்துதிறன் மாறுவதால் அழகாகவே பாடும். இந்த இரண்டாவது சோதனையைச் சபைக்கு முன்னால் செய்து காட்டுவதில் தவறில்லை. உண்மை தெரிந்த பிறகு செடியைக் கேட்பவர்கள் இன்னும் கவனமாகக் கேட்பார்கள்.

செடிக்குள் மின்சாரமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியில் மின் துடிப்பு ஓடுவதை 1873-இலேயே பேர்டன் சாண்டர்சன் இங்கிலாந்தில் அளந்து காட்டினார். பிறகு கல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ் தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1917-இல் தன் பெயரிலேயே ஆய்வுநிலையமும் தொடங்கினார். தொட்டாற்சுருங்கியில் துடிப்பு ஒரு செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர் ஓடும். அப்படியானால் மேடைக்கு அதையே கொண்டுவரலாமே என்று தோன்றும். வேண்டாம். பசை மின்வாய் பட்டவுடனேயே இலை மடிந்து பசை கழன்றுவிடும். கருவிக்குக் கேட்பது இலை மடியும் அசைவு மட்டும். அந்தத் துடிப்பைச் சரியாகப் பிடிக்க மில்லிவோல்ட் அளக்கும் பெருக்கியும் வெள்ளி மின்வாயும் தேவை. இந்தப் பெட்டி அதற்கானது அல்ல.

எந்தச் செடி? அகலமும் தடிப்பும் வழவழப்பும் உள்ள இலைதான் முதல் தகுதி. அந்தூரியம், மணி பிளான்ட், வாழைக்கன்று, அகல இலைக் குரோட்டன் நான்கும் நம்பகமானவை. வெற்றிலைக் கொடி நன்றாக வேலை செய்யும்; தமிழ்ச் சபைக்கு முன்னால் வைக்க அதற்கொரு களையும் உண்டு. செவ்வரத்தை இலை மெல்லியது, ஒளிவிளக்குச் சூட்டில் சீக்கிரம் துவளும். துளசி இலை சிறியது, சுணை உள்ளது, பசை ஒட்டாது. தவிர, பூசைக்கு வைத்த செடியில் வயர் ஒட்டினால் முன்வரிசையில் இருக்கும் அம்மாக்கள் சும்மா விடமாட்டார்கள். மாமரக் கிளையில் ஒட்டும் ஆசை இருந்தால் முதலில் முசுறு இருக்கிறதா என்று பாருங்கள். முசுறு ஏறிய இலை இடைவிடாமல் பாடும். வாத்தியக்காரரும் கத்துவார்.

ஒட்டும் முறையில்தான் பாதி வெற்றி. இலையை ஈரத் துணியால் துடைத்துப் புழுதியை எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஈசீஜீ ஒட்டிகள் போதுமானவை, பெரிதாக இருந்தால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். ஒரே இலையில் இரண்டையும் ஒட்டுவதானால் இடையில் குறைந்தது மூன்று விரல் இடைவெளி வேண்டும். இரண்டும் தொட்டால் கதை முடிந்தது. ஒன்றை இலையிலும் மற்றதைத் தண்டுக்கு அருகே வேறோர் இலையிலும் ஒட்டினால் சுரங்கள் இன்னும் நிதானமாக வரும். பிறகு வயரைத் தண்டோடு ஒட்டுநாடாவால் கட்டி, மின்வாய்க்கும் கட்டுக்கும் நடுவே ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும். வயரின் பாரம் இலையில் இறங்கினால் ஒவ்வோர் அசைவும் சுரமாகும். ஒட்டிய உடனே வரும் ஆரவாரத்தை நம்ப வேண்டாம். பசையும் இலையும் சமநிலைக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். திருகியை அதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும். நிமிடத்துக்குப் பத்திலிருந்து இருபது சுரம் வந்தால் மனிதக் கலைஞருக்கு மூச்சுவிட இடம் இருக்கும்.

கொழும்பின் ஈரப்பதன் இந்தக் கருவியின் முதல் எதிரி. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து செடியை வெளியே தூக்கி வந்தால் குளிர்ந்த இலையில் நீர் படியும். அந்த நீர்ப்படலம் இரண்டு மின்வாய்களையும் இணைத்துவிடும். தடை சடாரென விழும், பிறகு மாற்றமே இருக்காது, கருவி ஊமையாகும். நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னால் செடி நிற்க வேண்டும். ஒட்டுவதற்குச் சற்று முன் இலையில் தண்ணீர் தெளித்து அழகு பார்க்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். தண்ணீரைக் காலையிலேயே வேருக்கு ஊற்றிவிடலாம்.

இரண்டாவது எதிரி மின் இரைச்சல். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இரண்டு மீற்றர் மின்வாய் வயரும் ஈரமான செடியும் சேர்ந்தால் அந்த 50 ஹேர்ட்ஸை வாங்கும் அன்டெனாதான். கருவியைப் பவர் பேங்கில் ஓட்டுங்கள். அதனோடு யூஎஸ்பி வயரில் இணைந்த மடிக்கணினியும் சார்ஜரைக் கழற்றிய நிலையில் ஓடட்டும். நில இணைப்பில்லாத இரண்டு கால் சார்ஜர் மடிக்கணினியின் உடம்பில் சிறு கசிவு மின்னை ஏற்றி வைத்திருக்கும். விரலில் கூச்சமாகத் தெரியும் அதேதான். அது செடிக்குப் போனால் கருவி ஓயாமல் கொட்டும். மின்வாய் வயர் இரண்டையும் முறுக்கி விடுங்கள். மங்கல் விசையில் ஓடும் எல்ஈடி விளக்குகளுக்கு இரண்டு மீற்றர் தள்ளியாவது செடியை வையுங்கள். ஒத்திகையில் சுத்தமாக இருந்த கருவி நிகழ்ச்சியில் மட்டும் பைத்தியம் பிடித்தாற்போல் வாசிப்பதற்கு அநேகமாக இதுவே காரணம். ஒத்திகையில் விளக்குகளை யாரும் மங்கலாக்கிப் பார்ப்பதில்லை.

புளூடூத் வழி என்றால் கைத்தொலைபேசி பெட்டியிலிருந்து ஓரிரு மீற்றருக்குள் இருக்கட்டும். சபை நிறைந்து எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கும்போது இணைப்பு அறுவது சகஜம். அதை இன்னொரு தொலைபேசி தவறுதலாகப் பிடித்துக்கொள்ளவும் கூடும். மேடைக்கு வயர்தான் நிம்மதி.

ராகம், சுருதி, தாளம்

கருநாடக இசைக்காரர் இந்தக் கருவியோடு அமர்ந்தால் முதல் வேலை சுரவரிசையை மாற்றுவது. திறந்த நிரலில் 'இந்தியன்' என்ற பெயரில் ஒரு வரிசை கிடக்கும். அதை நம்பி எந்த ராகத்தையும் தொடங்க முடியாது. தோடி, சகானா போன்றவற்றை நினைத்தும் பார்க்க வேண்டாம். கமகமும் பிடியும் இல்லாத தோடி வெறும் படிக்கட்டு. மிடி என்பது கருவிகள் சுரங்களை எண்களாக அனுப்பும் முறை; அதில் வரும் சுரம் நட்ட கம்பமாக நிற்கும். சுரத்தை வளைக்கும் வசதி இருந்தாலும் எந்த இடத்தில் எவ்வளவு வளைக்க வேண்டும் என்று செடிக்குத் தெரியாது. ஏறுவரிசையும் இறங்குவரிசையும் ஒன்றாயிருக்கும், வக்கிரம் (சுரங்கள் முன்பின் மாறி வருவது) இல்லாத ஐந்து சுர ராகங்களே வழி. எங்கிருந்து எங்கே தாவினாலும் அவை பெரிதாகக் கெடுவதில்லை.

எல்லோரும் மோகனத்துக்குத்தான் போவார்கள். அதில் இரண்டு சிக்கல். மோகனத்தின் ஐந்து சுரங்களில் ரிஷபத்தை ஆதாரமாக எடுத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை எடுத்தால் இந்தோளம், பஞ்சமத்தை எடுத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை எடுத்தால் சுத்த தன்யாசி. செடிக்கு ஆதார சட்ஜம் என்றொன்று கிடையாது. ரிஷபத்தில் நாலு தரம் தட்டினால் காது மத்தியமாவதிக்கு ஓடிவிடும். அதனால் தம்புராச் சுருதி ஒரு கணமும் நிற்கக்கூடாது. செடியின் ஒலியைவிடச் சற்று உரக்கவும் இருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல் காந்தாரம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் மிடியின் அந்தர காந்தாரம் 400 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). தம்புராவின் மேலொலியில் தானாகக் கேட்கும் காந்தாரம் 386. பதினான்கு சென்ட் வித்தியாசம் நீண்டு நிற்கும் தொனியில் அலையடித்துக் கேட்கும்.

எங்கள் தேர்வு சுத்த சாவேரி. ச, ரி2, ம1, ப, த2. மிடியின் அரைச்சுரக் கணக்கில் 0, 2, 5, 7, 9. இதில் மத்திமமும் பஞ்சமமும் இரண்டே சென்ட் தள்ளி நிற்கும், ரிஷபம் நான்கு, தைவதம் ஆறு. காதை உறுத்தாது. காந்தாரம் இல்லாததால் அந்த வம்பும் இல்லை. ஐந்து கட்டைச் சுருதிப் பாடகிக்கு ஆதாரத்தை மிடி எண் 55-இல் வையுங்கள். ஒரு கட்டைக்காரர் பாடினால் 48. செடியின் சுரங்களைக் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே, மணியோ ஜலதரங்கமோ போன்ற சட்டென்று தேயும் தொனியில் வைத்தால் குரலோடு மோதாது. நீண்டு இழுக்கும் வயலின் தொனி கூடவே கூடாது.

தாளம் செடிக்குக் கிடையாது. மிருதங்கம் தொடங்கிய பிறகு செடிச் சுரத்தைத் தாளக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் மென்பொருள் உண்டு. ஆனால் அடுத்த கட்டம் வரை சுரத்தைக் காக்க வைப்பதால் ஒருவர் இலையைத் தொடுவதற்கும் ஒலி வருவதற்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். பார்ப்பவர்களுக்குச் சுவையே அந்தத் தொடர்புதான். ஆலாபனையில் செடியைத் திறந்து, கீர்த்தனை எடுத்ததும் மூடிவிட்டு, தனியாவர்த்தனம் முடிந்து கடைசியில் இன்னொரு தடவை சிறிது திறப்பதே கேட்கும்படியான ஏற்பாடு. ஒலிக்கலவை மேசையில் செடிக்கென்று ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனி இழுப்பான் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒளிப்படம்

அதே மிடி சுரத்தைப் படம் வரையும் மென்பொருளுக்கும் அனுப்பலாம். ரெசொலூம், டச்டிசைனர் இரண்டும் மிடியை நேரடியாக வாங்கும். சுரத்தின் உயரத்தை நிறத்துக்கும் அழுத்தத்தைப் பருமனுக்கும் கட்டினால் போதும். அதற்கு மேல் கட்டினால் கலகலப்புத்தான் மிஞ்சும்.

இலைகள்மேல் நேரடியாகப் படம் விழுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு: பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிடும். பச்சையில்கூட ஒரு சிறு பங்கைத்தான் இலை திருப்பித் தரும். சிவப்பில் வரைந்த தாமரை மரத்தில் விழுந்தால் கறுப்பாகவே தெரியும். வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை மட்டுமே உருப்படும். மலிவான மாற்று, வெள்ளை நுளம்பு வலையை மரத்துக்கு முன்னால் தொங்கவிட்டு அதில் படம் விழுத்துவது. படமும் தெரியும், பின்னால் மரமும் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் வலையை உடனே அவிழ்த்துவிட வேண்டும், இரவில் பறக்கும் உயிர்கள் சிக்கும்.

4000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) புரொஜெக்டரை மூன்றுக்கு இரண்டு மீற்றர் பரப்பில் விழுத்தினால் கணக்குப்படி 650 லக்ஸுக்கு (ஒரு சதுர மீற்றரில் விழும் ஒளியின் அளவு) சற்று மேல். வலை அதில் பெரும்பகுதியைக் கடத்திவிட்டாலும் இருட்டில் போதும். ஆனால் இருட்டு வேண்டும். கொழும்பில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து ஆறரை வரைக்குள் அடங்கும். அதன்பின் நன்றாக இருட்ட அரை மணி நேரம் போல் ஆகும். படத்தை ஏழு மணிக்கு முன் தொடங்குவது வீண். அதுவரை இசை மட்டும்.

மழைக்கு மறுநாள் மாலை ஈசல் புறப்பட்டால் வெள்ளை ஒளியைத் தேடி நேரே புரொஜெக்டரின் வில்லைக்கு வரும். காற்று இழுக்கும் வடிகட்டியில் இறக்கை அடைத்தால் விளக்கு சூடேறித் தானாக நின்றுவிடும். புரொஜெக்டருக்கு எதிர்ப்புறம் தள்ளி ஒரு வெள்ளை விளக்கை எரியவிட்டால் கூட்டத்தில் பாதி அங்கே போய்விடும்.

எங்கே, எப்போது

கடற்கரை இந்தக் கருவிக்கு உதவாது. காலிமுகத் திடலின் காற்றில் இலை ஒரு நொடி நிற்காது, உப்பு ஈரம் மின்வாய் முனைகளையும் அரிக்கும். விகாரமகாதேவி பூங்காவில் மரம் உண்டு, நிழல் உண்டு, மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால் கூட்டமும் உண்டு. அந்தி சாயும் நேரம் அவை இரைதேடிக் கிளம்புவதே ஒரு காட்சி. அவை தங்கும் மரங்களை நோக்கி ஒளி வீசாமல் மேடையைத் திருப்பி வைப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. பெத்தகான ஈரநிலப் பக்கம் போனால் தவளையும் கம்புள் கோழியும் நீர்க்காகமும் ஏற்கெனவே கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018-இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம் கொழும்பு. பெத்தகானவில் செடிக்கு ஒலிபெருக்கி வைப்பது வீண் வேலை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நல்ல மைக்கும் பதிவுக்கருவியும் இந்தப் பெட்டியைவிடப் பயன் தரும்.

செடிக் கருவிக்கு மிகப் பொருந்துவது மண்டபம்தான். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துக் கச்சேரி மண்டபங்களில் நான்கு தொட்டிச் செடிகளை வைத்தால் சிக்கல்களில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். கூரை மின்விசிறியை மட்டும் செடிக்கு மேலே ஓடவிடாதீர்கள்.

வெளியே வைப்பதானால் ஜனவரியும் பெப்ரவரியும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. மேடைக்குப் போகும் மின்சாரம் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும், பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பார்த்த பிறகே செடிப் பக்கம் ஆளை விடலாம். வெளியில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், எத்தனை மணி வரை என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழுக்குத் தொடங்கும் படத்தோடு மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான். அதில் செடிகளுக்கு இருபது நிமிடம் தாராளம்.

எதை வாங்குவது? ஒலிக்கலைஞர் ஒருவரும் சுற்று ஒட்டத் தெரிந்த ஒருவரும் குழுவில் இருந்தால் திறந்த சுற்று. சுரவரிசை, ஆதார எண், திருகியின் எல்லை எல்லாவற்றையும் நிரலிலேயே மாற்றலாம். பழுதானால் சிப்பை மாற்றினால் போயிற்று. பாடசாலைக்கோ வீட்டு நிகழ்ச்சிக்கோ என்றால் ஆயத்தக் கருவி. பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் ஒலி வரும், பிள்ளைகள் மாறி மாறி இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். எதை வாங்கினாலும் ஒரு நிகழ்ச்சிக்குச் செடி ஒன்றுக்கு ஆறு ஒட்டிகளாவது கையில் இருக்கட்டும். பசை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், கழற்றி மீண்டும் ஒட்டியது ஒருபோதும் சரியாகப் பிடிக்காது.